கடாரத்தின் உடையாத ராஜா

மெர்போக் பக்கம் பள்ளிச் சுற்றுலா போய்வந்த மகளின் பையை உதறினேன். ஒரு ரப்பர் மரக் கொட்டை உருண்டு விழுந்தது. கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்ன வயதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் எனக்கும் அக்காவுக்கும் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்தக் காலத்தில் கடாரம் எனப்பட்ட எங்கள் வட்டாரத்துக்கு வந்த சோழர் கப்பல்கள் திரும்பிப் போனதாகப் பாடத்தில் படித்தோம். எங்கள் கதையில் அவை திரும்பவே இல்லை. அந்த நாட்டில் எதுவும் கெடாது. தோசை கருகாது, தகரக் கூரை ஒழுகாது, யாருக்கும் வயதாகாது. ராஜா ஒரு ரப்பர் கொட்டை. கொட்டைமேல் கொட்டை வைத்து உள்ளங்கையால் அடிக்கும் விளையாட்டில், லயத்து வீட்டுப் பிள்ளைகளின் கொட்டைகளையெல்லாம் உடைத்தும் கீறல் விழாதவர்.

அடுத்த வீட்டு மலர் சவால் விட்டாள். "கொண்டா லா ஒங்க ராஜாவ! ஒரே அடி!"

அக்கா பயந்துவிட்டாள். "அவரு இனிமே வெளாட மாட்டாரு. ஒடஞ்சா நாடே போயிடும்."

ராஜாவைப் பால் டின்னுக்குள் துணி மெத்தையில் படுக்கவைத்தோம். மூடியில் இருந்த ஓட்டை வழியே தினமும் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் செய்தது நான்தான்.

சில வாரம் கழித்து மலர் விடாப்பிடியாக டின்னைத் திறக்கவைத்தாள். ராஜா இரண்டாகப் பிளந்திருந்தார். உள்ளிருந்து வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. நான் அழத் தயாரானேன்.

"ஒடையல! ராஜாவுக்குப் புள்ள பொறந்திருக்கு!" என்றாள் அக்கா.

மலர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சீனி அள்ளிவந்து எல்லார் வாயிலும் போட்டாள்.

இப்போது கொட்டையைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"ராஜா வந்துட்டாரா? இந்த வாட்டி தண்ணி ஊத்தாத லா!"