படகின் தக்கை

படகைக் கரையேற்றிக் குளிர்காலத்துக்கு மூடிவைக்கும் வேலையில் கெர்த்துவுக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிக்காது. அது முடிந்துபோவது.

ஊரில் மற்றவர்கள் அக்டோபர் முதல் சனிக்கிழமை படகுத்துறையில் கூடி, எல்லாருடைய படகையும் ஒரே நாளில் மேலே இழுத்துப் போட்டு, காபியும் பன்னும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். கெர்த்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துப் பதினொரு வருஷமாகிறது. கணவர் இல்மாரி இருந்தவரை அவர் மட்டும் போய்வந்தார். அவரும் போய்ச் சேர்ந்தபிறகு, தன் வீட்டுக் கரையிலேயே கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் படகை வண்டியில் ஏற்றிக்கொள்கிறாள். ஒரு நாள் வேலையை ஒன்பது நாளாக இழுப்பாள். வேறு என்ன செய்ய? ஏரி உறைந்துவிட்டால் அப்புறம் மே மாதம் வரை ஜன்னலும் அவளும்தான்.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பட்டாணி சூப் ஊற்றியவள். ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகள், இருநூறு வாய்கள், காது புண்ணாகும் இரைச்சல். ஓய்வு பெற்றால் நிம்மதி என்று அன்றைக்கு நினைத்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஓஉலு நகரத்திலிருந்து மகன் ஓஸ்கரி போனில் கூப்பிடுவான்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

"அங்க குளிரா?"

"குளிர்தான்."

அதோடு சரி, அந்த வாரத்துப் பேச்சு தீர்ந்தது. மீதியெல்லாம் மோட்டாரோடுதான்.

இந்த வருஷம் முதல் நாள் பெரிய பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, உள்ளே அழுக்குப் போக மோட்டாரை அதில் ஓடவிட்டாள். மறுநாள் கியர் எண்ணெயை வடித்தாள். எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதென்று பொருள்; பனியில் அது உறைந்து இரும்பையே பிளந்துவிடும். கறுப்பாக, சுத்தமாக வந்தது. "பரவால்லடா கிழவா, உனக்காவது உடம்பு கெட்டியா இருக்கு" என்று மோட்டாரைத் தட்டிக்கொடுத்தாள். மூன்றாம் நாள் பேட்டரியைத் தூக்கிவந்து, இன்னும் வாசலில் நிற்கும் இல்மாரியின் பூட்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். எட்டாம் நாள்வரை இப்படியே ஓட்டிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் படுதா. பனி தங்காமல் சரியும்படி, நடுவில் கழி கொடுத்துக் கூரைபோல் போர்த்த வேண்டும். அது இரண்டு ஆள் வேலை. போன வருஷம் கயிற்று நுனியில் கல்லைக் கட்டி வீசி எப்படியோ சமாளித்தாள். இந்த வருஷம் வலது தோள் மேலே எழும்பவில்லை. நாளைக்கு முதல் பனி என்று காலையிலேயே ரேடியோ சொல்லிவிட்டது. மூன்று முறை வீசினாள். மூன்று முறையும் காற்று படுதாவைப் பிடுங்கி அவள் தலையிலேயே போர்த்தியது.

படுதாவுக்குள் இருட்டில் நின்றபடி கெர்த்து அழுதாள். தோள் வலிக்காக இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

இரண்டு வீடு தள்ளி சைமா இருக்கிறாள், இல்மாரியின் தங்கை. கல்யாணமே செய்துகொள்ளாதவள். தினமும் காலையில் அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று கெர்த்து பார்ப்பாள். வந்தால் எரிச்சலாகவும் இருக்கும், நிம்மதியாகவும் இருக்கும். முன்பு சனிக்கிழமை சவ்னா, அந்த நீராவிக் குளியல், இருவருக்கும் ஒன்றாகத்தான். இப்போது ஒரே கரையில், ஒரே சாயங்காலத்தில், இரண்டு கிழவிகள் தனித்தனியாக விறகெரித்துத் தனித்தனியாக வெந்துகொண்டிருந்தார்கள். இல்மாரியின் அடக்கத்தன்றுகூடத் தலையசைப்பு மட்டும்தான்.

காரணம் ஒரு பித்தளைத் தக்கை. படகின் பின்பக்கம் அடியில் விரல் நுழையும் துளை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் மழைத்தண்ணீரும் உருகிய பனியும் வடிய அதைத் திறந்து வைப்பார்கள்; தண்ணீரில் இறக்கும்முன் தக்கையைத் திருகி மூடுவார்கள். பதினொரு வருஷத்துக்கு முந்தைய மே மாதம், இல்மாரி முந்தின நாளே தக்கையை மூடிவிட்டார். இரவு நல்ல மழை. காலை ஆறு மணிக்கு அந்த வழியாகப் போன சைமா, படகுக்குள் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்து, போகட்டும் பாவம் என்று தக்கையைக் கழற்றி இருக்கைமேல் வைத்துவிட்டு, அடுப்பில் பன் இருக்கிறதென்று ஓடிவிட்டாள். எட்டு மணிக்கு ஊரே கூடிநிற்க, இல்மாரி டிராக்டரிலிருந்து கத்தினார்: "தக்கை இருக்கா?" படகு இறங்கும்முன் துளையில் விரல் வைத்துப் பார்ப்பது கெர்த்துவின் வேலை. "இருக்கு!" என்று அவளும் கத்தினாள். அடுத்த படகுகளை இறக்கிவிட்டு எல்லாரும் திரும்பிப் பார்ப்பதற்குள், புது மோட்டாரோடு படகு துறையிலேயே முழுகியது.

சைமா பதறிப்போய், ஆறு மணிக்கு நான்தான் கழற்றினேன் என்றாள். கெர்த்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எட்டு மணிக்கு நான் இந்த விரலால தொட்டுப் பார்த்தேன், இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்து உருவியிருக்கே. எங்க வீட்டுக்குப் புது மோட்டார் வந்தது உனக்குப் பொறுக்கல." சைமா திரும்பி நடந்தாள். ஊருக்கு அவள் பொறாமைக்காரியானாள்.

கெர்த்து அன்றைக்குத் துளையைத் தொடவே இல்லை.

படுதாவை உதறிக் கீழே போட்டுவிட்டு, அழுத முகத்தைக் கழுவாமலே போய் சைமாவின் கதவைத் தட்டினாள்.

"படுதா போர்த்தணும். ஒரு ஆள் வேணும்."

சைமா கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். "ஏன், ஊர்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா அண்ணி?"

"இருக்காங்க."

"அப்புறம்?"

"உன்னைத்தான் கூப்பிட வந்தேன்."

சைமா பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

படகுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. நடுவே படுதா புடைத்து அடித்தது.

"இழுங்க அண்ணி. சாப்பிடுறதே இல்லையா? கையில பலமே காணோம்."

"தோள் போச்சு."

"நாக்கு?"

"அது இருக்கு."

"அது போகாதே" என்றாள் சைமா.

கயிற்றைக் கட்டும்போது இருவருக்கும் நடுவில் படகின் உயரம் இருந்தது. முகம் தெரியாதது கெர்த்துவுக்கு வசதியாகப் போயிற்று.

"சைமா. அன்னைக்கு நான் தொட்டுப் பார்க்கல."

அந்தப் பக்கம் கயிறு அசையாமல் நின்றது.

"தெரியும்."

"இல்மாரி சொன்னாரா?"

"அண்ணனுக்கே தெரியாது. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். நீங்க காபித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு அரட்டையடிச்சிட்டு இருந்தீங்க. படகுப் பக்கமே போகல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! ஊர் முன்னால என் மூஞ்சியைக் கிழிச்சிருக்கலாமே!"

"கிழிச்சிருக்கலாம். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, அண்ணனுக்கு வீட்டுல சோறு யார் போடுறது? நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். அடுத்த வாரம் சொல்வீங்கன்னு நெனச்சேன். அப்புறம் கிறிஸ்மஸுக்குள்ள சொல்வீங்கன்னு." சைமா முடிச்சை இறுக்கினாள். "பதினொரு வருஷமா அண்ணி?"

கெர்த்து படகைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. அந்தக் கரையில் அப்படிப் பழக்கமில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது தக்கை மட்டும்.

"நீயே கழட்டு" என்றாள் கெர்த்து.

சைமா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முட்டி மடக்கி உட்கார்ந்து தக்கையைத் திருகி எடுத்தாள். உள்ளே நின்ற கொஞ்சம் தண்ணீர் கூழாங்கற்கள்மேல் வடிந்தது. எழுந்து தக்கையை நீட்டினாள். கெர்த்து கையை நீட்டவில்லை.

"உன்கிட்டயே இருக்கட்டும். மே மாசம் நீதான் கொண்டுவந்து மூடணும்."

"மூடிட்டேன்னு நான் சொன்னா நம்புவீங்களா?"

"நம்புவேன்" என்றாள் கெர்த்து. "ஆனா இந்தத் தடவை விரலை வச்சுப் பார்ப்பேன்."