சாரலுக்கு விழுந்த பிரேக்கர்

மேலகரத்தில் வயரிங் வேலைக்குத் தங்கசாமியைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. சட்டத்துக்குப் பயந்தவர்கள், தங்கசாமிக்குப் பயந்தவர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியைத்தான் பார்ப்பார். அது தண்ணீர் ஊற்றாமல் காய்ந்து கிடந்தால் வீட்டுக்காரரை அவர் மனைவி முன்னாலேயே திட்டுவார். முப்பது வருடமாக என் எலெக்ட்ரிகல் கடை பெஞ்சில் டீ குடிக்கிற மனிதர். தான் வேலை பார்த்த இடத்தில் ஒருத்தருக்கும் ஷாக் அடித்ததில்லை என்று தினமும் சொல்லுவார்.

போன ஆனியில் குத்துக்கல்வலசையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு சர்வர் அறை கட்டினார்கள். ஒன்றரை அடி உயர இரும்புக் கால்கள், அவற்றின் மேல் இரும்புப் பலகைகள். கரண்டு முழுக்க அந்தப் பலகைத் தரைக்கு அடியில் ஓடும். தங்கசாமி எல்லா வயரையும் இரும்புக் குழாய்க்குள் விட்டார், ஒவ்வொரு காலுக்கும் எர்த் கம்பி இழுத்தார். திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் முதலாளி ஆறுமுகநயினார் சர்வர் வைக்கும் இரண்டு ரேக்கை நகர்த்தச் சொன்னார். வயர் எட்டவில்லை.

"புது வயர் மதுரையில இருந்து வரணும். தரைக்கடியில ஒட்டுப் போடக் கூடாது, ரூல்ஸ் இருக்கு," என்றார் தங்கசாமி.

"யாரு அண்ணாச்சி தரையத் தூக்கிப் பாக்கப் போறா?" என்று முதலாளி சிரித்தார்.

மறுநாள் வாட்ச்மேன் தங்கசாமியை உள்ளே விடவில்லை. இலஞ்சியிலிருந்து மணிமுத்து என்ற வயர்மேன் வந்து, வயரை வெட்டி, ஒட்டுப் போட்டு, டேப் சுற்றினான். குறுக்கே வந்த எர்த் கம்பிகளைக் கழற்றியவன் திரும்ப மாட்டவில்லை.

எங்கள் பக்கம் சாரல் அடித்தால் சுவரெல்லாம் ஊறும். கரண்டு கசிந்தால் நிறுத்துகிற பிரேக்கர் தொட்டதற்கெல்லாம் விழும். சீசன் முடியும்வரை அதை ஒதுக்கிவிட்டு டைரக்டாகக் கரண்டு கொடுப்பது இங்கே பல வீட்டு வழக்கம். அப்படிச் செய்கிறவனைத் தங்கசாமி கொலைகாரன் என்றே சொல்லுவார்.

விழா அன்று காலை, முதலில் வயரிங் போட்டவர் என்று மணிமுத்து தங்கசாமிக்கே போன் செய்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணாச்சி, பிரேக்கர் நிக்கவே மாட்டேங்கு. ஒம்பது மணிக்கு விழா. என்ன செய்ய?"

தங்கசாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "சாரல் நேரம்லா. விழத்தான் செய்யும். டைரக்ட் போட்டுட்டுப் போ."

போனை வைத்துவிட்டு, "பாதி விழாவுல புகையட்டும். அந்த மொதலாளி நம்ம காலத் தேடி வருவான்," என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

புகையவில்லை. விழா அமோகமாக நடந்தது. மறுநாள் காலை கூட்டிப் பெருக்கும் குருவம்மாள், சாமி படம் மாட்டிய அறை என்று செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஈர மாப்போடு உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்துத்தான் ஆள் போய்ப் பார்த்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி பலகைகளைத் தூக்கினார். தங்கசாமி ஒட்டையும் கழற்றிப் போட்ட கம்பியையும் விரல் நீட்டிக் காட்டினார். டைரக்ட் போடச் சொன்னது தங்கசாமிதான் என்று மணிமுத்து அழுதான். ஊர் நம்பவில்லை. அதிகாரி என்னைக் கேட்டார். "போன் வந்தது சார். கூடவே கூடாதுன்னுதான் அண்ணாச்சி சொன்னாங்க," என்றேன். மணிமுத்துவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குருவம்மாள் மகள் இசக்கிச்செல்வி கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு வயரிங்கப் பாக்கணும். இனி ஒங்களத் தவிர ஒருத்தரையும் நம்ப மாட்டேன்."

தங்கசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். அவள் வீட்டுக் கொல்லையில், சாரல் படாத தாழ்வாரத்துக்கு அடியில், எர்த் குழி காய்ந்து கிடந்தது. டெஸ்டர் முனையால் மண்ணைக் கிளறினார்.

பிறகு திட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.