ஹெட்விகாவின் இடது இறக்கை

ஹெட்விகா ஸ்மெய்கலோவாவுக்கு அந்த விமான மன்றத்தில் ஒருவரையும் பிடிக்காது. அவர்களுக்கும் அவளைப் பிடிக்காது. செக் நாட்டு ஹானா சமவெளியின் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு புல் ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, பியர் ஊற்றும் ஒரு சின்ன உணவகம், இவ்வளவுதான் மன்றம். விமானம் ஓட்டும் உரிமம் அவளிடம் இருபது வருடமாக இருந்தது. ஆனாலும் மன்றத்து விமானத்துக்கான வார அட்டவணையில் அவள் பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும். மழை வந்தாலும் விருந்தாளி வந்தாலும் முதலில் அடிபடுவது அவள் முறைதான்.

அவள் பிழைப்பு குளியல் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில். அச்சின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் உருளையால் தேய்த்து எடுக்க வேண்டும். இருபத்து மூன்று வருடம் அதே வேலை. எந்தத் தொட்டி எந்த மூலையில் வெடிக்கும் என்று கை வைத்தே சொல்லிவிடுவாள்.

பகையும் அந்தக் கையால்தான் வந்தது. மன்றத்தின் கிளைடர், எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம், ஒன்று தரையில் மோதி வால் உடைந்தபோது, மெக்கானிக் அலோய்ஸ் ஹனாக் அதைச் சரிசெய்து வைத்திருந்தான். ஆண்டுக் கூட்டத்தன்று எல்லோரும் அதைச் சுற்றி நின்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெட்விகா கட்டை விரலால் ஓரிடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "இது ஒட்டவே இல்ல. மேல சும்மா மூடி வெச்சிருக்கு" என்றாள். வெட்டிப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரியாக இருந்தது. அலோய்ஸின் மெக்கானிக் பதவி அன்றோடு போனது. அதுவரை வா, போ என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் மறுநாளிலிருந்து வாங்க, போங்க என்று மாறினார்கள். அந்த மரியாதையில் இருந்த விஷம் மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருடம் கழித்து அலோய்ஸ் தேர்வு எழுதி, இலகு விமானச் சங்கத்தின் பரிசோதகன் ஆனான். அந்த மாவட்டத்தில் யார் சொந்தமாக விமானம் கட்டினாலும் இனி அவன் கையெழுத்து வேண்டும்.

ஐம்பத்தோராவது வயதில் ஹெட்விகா விமானம் கட்டத் தொடங்கினாள். காரணம் கேட்டவர்களிடம், "உங்க யார்கிட்டயும் சாவி கேக்க வேண்டாம் பாருங்க, அதுக்குத்தான்" என்றாள். இரண்டு பேர் உட்காரக்கூடிய விமானத்தின் வரைபடங்களை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தாள். சூடேறிய கம்பியால் நுரைப் பலகையை இறக்கை வடிவத்தில் அறுக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் படலம் படலமாக ஒட்ட வேண்டும். ரெசினையும் அதை இறுக வைக்கும் மருந்தையும் கிராம் பிசகாமல் நிறுத்துக் கலக்க வேண்டும். கொட்டகை இருபது டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு நாளும் என்ன செய்தாள், எத்தனை டிகிரி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தாள். மன்றத்தில் அந்த விமானத்துக்குக் 'குளியல் தொட்டி' என்று பெயர் வைத்தார்கள். அவள் கணவன் போஹுமிலுக்கும் அது பிடிக்கவில்லை. வீட்டில் முட்டைகோஸ் வேகும்போதுகூட ரெசின் நாற்றம் அடிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

நாலரை வருடம் கழித்து, ஒரு மே மாதத்தில், அலோய்ஸ் பரிசோதனைக்கு வந்தான். வணக்கம் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, வலது இறக்கையின் நுனியிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தான். நன்றாக ஒட்டிய இடம் டிக் டிக் என்று கணீரென்று சத்தம் கொடுக்கும். ஒட்டாத இடம் அட்டைப்பெட்டியைத் தட்டினது போல மொத்தென்று கேட்கும். வலது இறக்கை முழுவதும் கணீரென்றுதான் இருந்தது. இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அடிப்பக்கத்தில், சத்தம் செத்துப்போனது. அவன் மறுபடி தட்டினான். ஒரு முழ நீளத்துக்குச் செத்த சத்தம். பென்சிலால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டு, அவள் நோட்டைப் புரட்டினான்.

"பிப்ரவரி பதினேழு. கொட்டகையில எத்தன டிகிரி?"

"அதான் எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா பரிசோதகர் ஐயாவுக்கு?"

"இருபத்திரண்டுன்னு எழுதியிருக்கு. நான் உங்களக் கேக்கறேன்."

"இருபத்திரண்டு."

அலோய்ஸ் நோட்டை மூடினான். "அன்னிக்கு ஊர் முழுக்க நாலு மணி நேரம் கரண்ட் இல்ல, மேடம். வெளிய மைனஸ் பதினாலு. எங்க வீட்டுத் தொட்டியில இருந்த மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. அதனால எனக்குத் தேதி மறக்கல."

ஹெட்விகாவுக்கு முகம் சூடேறியது. "பன்னெண்டு வருஷமா இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா" என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல். "ஆனா சத்தத்த நான் உண்டாக்கல."

அந்தப் பிப்ரவரி நாளில் அவள் பாதித் துணி விரித்து முடித்திருந்தாள். மீதிக்கு ரெசினும் கலந்தாகிவிட்டது. அப்போதுதான் ஹீட்டர் அணைந்தது. அப்படியே எல்லாவற்றையும் பிய்த்து எறிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் வேறு ஒருத்தி அந்தக் குளிரில் வேலையைத் தொடர்ந்திருந்தால், ஹெட்விகாவே அவளை வெளியே தள்ளியிருப்பாள். ஆனால் அவள் போர்வைகளைக் கொண்டுவந்து போர்த்தி, தெர்மாமீட்டர் பதினொன்றுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, தடித்துப் போன ரெசினைத் தேய்த்து முடித்தாள். பிறகு நோட்டில் இருபத்திரண்டு என்று எழுதினாள். போஹுமிலிடம்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவளே எத்தனையோ முறை நாணயத்தால் இறக்கையைத் தட்டியிருக்கிறாள். அந்த இடத்தை மட்டும் சுற்றிப் போய்விடுவாள்.

அலோய்ஸ் போன மறுநாள், பிராகாவிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு அவள் மூன்று பக்கத்தில் புகார் எழுதினாள். பழைய பகையை வைத்துப் பழிவாங்குகிறான், வேறு பரிசோதகர் வேண்டும் என்று. போஹுமில் அதைப் படித்துவிட்டு, "தாராளமா அனுப்பு. ஆனா அந்த எடத்த நீ தட்டிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

தட்டிப் பார்த்தாள். பிறகு கைரம்பத்தை எடுத்து, பென்சில் கோட்டின் மேலேயே அறுத்தாள். மேல் படலம், வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி, இழுத்ததும் கையோடு வந்தது. உள்ளே துணி வெள்ளைவெளேரென்று, ரெசினே படாமல், கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. பறக்கும்போது விமானத்தின் மொத்தப் பாரமும் ஏறும் இடம் அது.  தனக்கு வந்தது அவமானமா, பயமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. புகார்க் கடிதம் சமையலறை மேஜையிலேயே கிடந்தது. அதன் பின்பக்கத்தில் போஹுமில் கடைச் சாமான் பட்டியல் எழுதினான்.

வெள்ளிக்கிழமை மாலை மன்றத்து உணவகத்தில் ஆள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். வெட்டியெடுத்த துண்டை அலோய்ஸின் பியர் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நோட்டுல பொய் எழுதினேன். பதினோரு டிகிரி."

 யாரோ பின்னாலிருந்து, "தொட்டி ஒழுகுதாம்டா" என்றான். சிரிப்பு கிளம்பியது. அலோய்ஸ் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து விரலால் இரண்டாகப் பிரித்துப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு திருப்தி இருந்தது. அதை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

"அப்போ வலது இறக்கை நோட்டு?"

"அது உண்மை."

"எதை வெச்சு நம்பறது?"

 பொய் எழுதிய கை அவளுடையதுதான். வலது இறக்கையில் அவன் காட்டுகிற மூன்று இடத்தில் துளையிட்டு உள்ளே இருப்பதை எடுத்துக் காட்ட வேண்டும் என்றான். பிழையில்லாத இறக்கையில் துளை போடுவது, ஆரோக்கியமான பல்லைப் பிடுங்குவது மாதிரி இருந்தது அவளுக்கு. போட்டாள். மூன்றும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. அவன் "ம்" என்றதோடு சரி. துளைகளை அடைக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இடது இறக்கையில் ஒட்டுப் போட அவள் விரும்பவில்லை. அந்த இடத்தில் ஒட்டுப் போட்டு அதை நம்பிப் பறக்க அவளால் முடியாது. இறக்கை முழுவதையும் துண்டு துண்டாக அறுத்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, புதிதாகத் தொடங்கினாள். பதினோரு மாதம் பிடித்தது. துணி விரிக்கும் ஒவ்வொரு நாளையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அலோய்ஸ் எழுத்தில் உத்தரவு போட்டிருந்தான். சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான். வந்தால் தன் தெர்மாமீட்டரைக் கதவருகே தொங்கவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். போஹுமில் ஒருமுறை அவனுக்குக் காபி கொண்டுவந்தான். அன்று வீட்டில் பெரிய சண்டை.

அடுத்த வசந்தத்தில் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். இறக்கைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டி, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். விமானம் வானத்தில் வாங்கக்கூடிய மிக மோசமான அடிக்குச் சமமான பாரம் வரை. நுனிகள் மெல்லத் தாழ்ந்தன. ஓரிடத்தில் மடாரென்று ஒரு சத்தம் கேட்டது. ஹெட்விகாவுக்கு உயிரே போய்விட்டது. ஒரு மூட்டை சறுக்கி விழுந்த சத்தம்தான். அலோய்ஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் நின்றான். மூட்டைகளை இறக்கியதும் இறக்கைகள் பழைய இடத்துக்கே திரும்பின. மறுபடி முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டான். ஒரு நிபந்தனையும் சேர்த்தான்: முதல் பறப்புக்கு முன்னால் அவள் இதே மாதிரி, தொட்டதும் திரும்பும் இலகு விமானத்தில் பத்து மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். இருபது வருட உரிமம் வைத்திருப்பவளிடம் இப்படிக் கேட்பது அவமதிப்பு என்று அவள் கத்தினாள். கத்திவிட்டு, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு மன்றத்துக்குப் போய், பத்து மணி நேரத்தையும் முடித்து வந்தாள். அங்கே முதல் மூன்று இறங்கலிலும் விமானம் பந்து மாதிரி துள்ளியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பறப்புக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்தாள். செய்தி பரவி, மன்றமே திரண்டுவிட்டது. தொத்திறைச்சி சுட்டு, பியர் ஊற்றி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து காற்று ஓடுதளத்துக்குக் குறுக்கே வீசியது. காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை விறைத்து நின்றது. ஹெட்விகா அதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, விமானத்தைத் திரும்ப மன்றத்துக் கொட்டகைக்குத் தள்ளினாள். "தொட்டியில தண்ணி ரொப்ப மறந்துட்டியா?" என்று கேட்டார்கள். "இதுக்கா நாங்க சட்ட தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தோம்?" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகைக் கதவைப் பூட்டும்போது சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை காற்றே இல்லை. வயலில் பனி உலர்ந்துகொண்டிருந்தது. போஹுமில் தீயணைப்பு உருளையோடு ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றான். அலோய்ஸ் கையில் ரேடியோ. அவள் முதுகில் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு தனியாக ஏறினாள்.

நினைத்ததைவிடச் சீக்கிரம் சக்கரம் தரையை விட்டது. சத்தம் மாறியது, கைப்பிடியில் உயிர் வந்த மாதிரி இருந்தது. எஞ்சின் நின்றாலும் ஓடுதளத்துக்கே மிதந்து வந்து இறங்கும்படி, ஓடுதளத்தின் தலைக்கு மேலேயே வட்டமடித்து ஏறினாள். அறுநூறு மீட்டரில் வேகத்தைக் குறைத்தாள். விமானம் லேசாக வலது பக்கம் சாய்ந்தது. விரலால் தடுக்கக்கூடிய சாய்வுதான். இடது இறக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவந்தது. அப்போதுதான் எண்ணெய் வெப்பத்தைக் காட்டும் முள் கண்ணில் பட்டது.

நூற்று இருபது டிகிரியைத் தாண்டினால் உடனே இறங்க வேண்டும் என்று பறப்புத் திட்டத்தில் அவளேதான் எழுதியிருந்தாள்.

"எண்ணெய்?" என்றான் அலோய்ஸ் ரேடியோவில்.

நூற்றுப் பதினெட்டு என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? இன்னும் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஆறு வருடம் உழைத்துக் கிடைத்தது ஏழு நிமிடம்தான். வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது.

"நூத்தி இருபத்தொண்ணு" என்றாள். "ஏறிக்கிட்டிருக்கு."

"இறங்குங்க."

எஞ்சின் விசையைக் குறைத்து, வட்டத்தைச் சுருக்கி, கொஞ்சம் உயரமாகவே வந்து இறங்கினாள். ஒரே ஒரு துள்ளல். விமானம் நிற்கும்போது முள் நூற்று இருபத்தாறில் இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது: எஞ்சின் மூடியில் சூடான காற்று வெளியேறும் வாய் சின்னதாகப் போய்விட்டிருந்தது. அதைக் கை நுழையும் அளவுக்குப் பெரிதாக வெட்ட வேண்டியிருந்தது.

போஹுமில் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அலோய்ஸ் நடந்துதான் வந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று ஒரு நொடி எதிர்பார்த்துவிட்டாள். அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"என்னைக் காப்பாத்திட்டதா ஊர்ல சொல்லிக்காதீங்க" என்றாள் முந்திக்கொண்டு.

"உங்களுக்காக நான் எதுவும் செய்யல மேடம். விழுந்தா அதுல என் கையெழுத்து இருக்கும்." பறந்த நேரத்தை எழுதி, தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நாற்பது மணி நேரச் சோதனைப் பறப்பு அக்டோபரில் முடிந்தது. நிரந்தர அனுமதி வந்த அதே மாதம், கொட்டகையில் இடமில்லை என்று மன்றம் கூடி அவளுக்கு எதிராக வாக்களித்தது. அலோய்ஸும் கை தூக்கினான். அவள் விமானத்தைப் பக்கத்து மாவட்டத்து ஓடுதளத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே சிரித்த முகத்தோடு ஒரு பரிசோதகர் இருந்தார். ஆண்டுப் பரிசோதனைக்கு எந்த மாவட்டத்துப் பரிசோதகரையும் கூப்பிடலாம். அவர் அதை அரை மணியில் முடித்துத் தருவதாகச் சொன்னார். ஹெட்விகா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அலோய்ஸுக்குக் கடிதம் எழுதினாள். இரண்டே வரி. தேதி, இடம்.

அவன் வந்தான். வருடா வருடம் வருகிறான். காபி குடிப்பதில்லை. அவளும் கொடுப்பதில்லை. நான்காவது வருடம் புகைக்குழாயில் முடி அளவு விரிசல் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் எழுதி, இரண்டு இடத்தில் அடிக்கோடும் போட்டுக் கொடுத்தான். ஹெட்விகா அதைப் படித்து, அவன் கார் கிளம்பிப் போகும்வரை அவனை வாய் ஓயாமல் திட்டினாள். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் மூடியைக் கழற்றினாள்.