மொட்டைத் தலை அப்பா

பேயாண்டியின் குரல் மதுரையில் எல்லாருக்கும் தெரியும். முகம் தெரிந்தவர்கள் பழங்காநத்தத்தில் ஒரு தெருவோடு சரி. அந்தத் தெருவில்தான் அவருடைய சவுண்டு சர்வீஸ் கடை. இரண்டு ஆம்பிளிபயர், ஆறு குழாய் ஸ்பீக்கர், ஒரு சைக்கிள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். சித்திரைத் திருவிழாவில் மட்டும் வேறு வேலை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் போலீஸ் போடும் கூடாரத்தில் உட்கார்ந்து, காணாமல் போன பிள்ளைகளை மைக்கில் அறிவிப்பார். பதினோரு வருடமாக அறிவித்து வந்தார்.

அந்த அறிவிப்புக்கு அவரே ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் சட்டையின் நிறம், பிறகு வயது, கடைசியில்தான் பெயர். பதறி ஓடிவரும் தாய்க்குச் சட்டைதான் முதலில் நினைவுக்கு வரும் என்பார்.

எண்பத்தொன்றாம் வருடம் பங்குனியில் தலைமையாசிரியர் அனந்தநாராயணன் பள்ளி மாணவர்களுக்கு ஒரு ஓவியப் போட்டி வைத்தார். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவதைப் பற்றிப் படம் வரைய வேண்டும். முதல் பரிசு பெறும் படம் அச்சாகித் திருவிழாவுக்கு முன் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும். ஒரே படம்தான். நடுவர்கள் மூன்று பேர்: தலைமையாசிரியர், மாதர் சங்கத்து ஜானு அம்மாள், பேயாண்டி.

புறப்படும்போது மனைவி முனியாயி சிரித்தாள்.

"ஒங்களுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்?"

"தொலஞ்ச புள்ளயப் பத்தித் தெரியும்ல."

பள்ளிக்கூடத்து ஹாலில் கயிறு கட்டி நாற்பத்திரண்டு படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பிள்ளை அழுதது. கண்ணீர்த் துளிகள் எலுமிச்சம்பழம் பருமனில் இருந்தன. பின்னால் கோபுரம், பக்கத்தில் லத்தியுடன் போலீஸ்காரர். தலைமையாசிரியருக்கு ஒரு வாட்டர் கலர் பிடித்துவிட்டது. கூந்தல் அவிழ்ந்த தாய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவருகிறாள். பேயாண்டிக்கும் அது அழகாகத்தான் பட்டது.

கடைசி வரிசையில் ஒரு கிரேயான் படம் இருந்தது. மொட்டையடித்துத் தலையில் சந்தனம் பூசிய ஓர் ஆள் குனிந்து கையை நீட்டுகிறான். சின்னப் பையன் ஒருவன் போலீஸ்காரரின் காலுக்குப் பின்னால் ஒளிகிறான். கீழே 'இவர்தான் அப்பா' என்று எழுதியிருந்தது. வரைந்தது வில்லாபுரத்து ஜெயக்கொடி, எட்டாம் வகுப்பு.

"ஐயோ, பிள்ளை பிடிக்கிறவன் மாதிரின்னா இருக்கான்," என்றார் ஜானு அம்மாள். "இதை ஒட்டினா குழந்தைகள்தான் பயப்படும்."

"கையும் சரியா வரலை," என்று தலைமையாசிரியர் அதைக் கழற்றி, கழித்த படங்களோடு வைத்தார்.

பேயாண்டி எழுந்துபோய் அதைத் திரும்ப எடுத்து வந்தார். மைக் இல்லாமல் பேசும்போது அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும். அன்றும் தாழ்ந்துதான் இருந்தது.

"சார், மூணு வருசத்துக்கு முந்தி உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர். மகன் வீரணனத் தொலச்சிட்டாரு. நான் அறிவிச்சேன். ஆளு ஓடி வந்தாரு. பய தொலஞ்ச நேரத்துல ஆத்துல மொட்டையப் போட்டு மீசையவும் எடுத்திருந்தாரு. பய அவரப் பாத்ததும் 'இது எங்கப்பா இல்ல'ன்னு கத்துறான். கூட்டம் சும்மா இருக்குமா? 'யார்ரா நீ'ன்னு ஒருத்தன் அறைஞ்சே போட்டான்."

"அப்புறம்?" என்றார் ஜானு அம்மாள்.

"மைக்க அவரு கையில குடுத்தேன். 'டேய் வீரணா, வீட்டுக்குப் போவம்டா'ன்னாரு. பய அழுகைய நிப்பாட்டிக் குழாயப் பாத்தான். அப்புறம் இவரு வாயப் பாத்தான். மெல்லக் கிட்ட வந்து மீசை இருந்த எடத்தத் தடவுனான். வருசா வருசம் இதேன் சார் நடக்குது."

"இருக்கலாம். ஆனா ஓவியம்னு ஒண்ணு இருக்கே, பேயாண்டி."

"அழுகுற புள்ளய ஊருக்கே தெரியும் சார். அதுக்கு எதுக்குப் போஸ்டரு? இதத்தேன் யாரும் நெனச்சுப் பாக்கல."

தலைமையாசிரியர் பதில் சொல்வதற்குள் ஜானு அம்மாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எங்காத்துக்காரர் திருப்பதி போயிட்டு வந்தப்போ என் பொண்ணு ரெண்டு நாள் அவர்கிட்டப் போகலை. யாரோ மாமா வந்திருக்கார்னு சொல்லிண்டிருந்தா. நான் இந்தப் படத்துக்குத்தான்."

இரண்டுக்கு ஒன்று. தலைமையாசிரியர் வாட்டர் கலரை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, அதற்கு இரண்டாம் பரிசு என்று தன் கையாலேயே எழுதினார்.

"அந்தக் கையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். பதறுற ஆளு கை அப்பிடித்தேன் இருக்கும்."

ஜெயக்கொடியைக் கூப்பிட்டார்கள். ரெட்டைச் சடை, விரலெல்லாம் கிரேயான்.

"யாரும்மா இவரு?" என்றார் பேயாண்டி.

"எங்கப்பா சார். மாசி மாசம் மொட்ட போட்டாரு. எந்தம்பி இன்னமும் மடியில ஒக்கார மாட்டேங்குறான்."

"ஒங்கப்பா என்ன சொல்றாரு?"

"நல்ல வேள, இப்பத்தேன் நிம்மதியாத் தூங்குறேங்குறாரு."

தலைமையாசிரியர்கூடச் சிரித்துவிட்டார். படத்தின் அடியில் சேர்க்க வேண்டிய வரியை அவரே எழுதினார்: 'பிள்ளையின் கண் முன்னே மொட்டை போடுங்கள்.'

சித்திரையில் சுவரெல்லாம் அந்த மொட்டை அப்பா. தேர்தல் சின்னம் என்று நினைத்தவர்களும் உண்டு. அழகர் இறங்கிய அன்று பத்து மணி வாக்கில், கூட்டம் கொஞ்சம் விட்டதும், பேயாண்டி மைக்கைப் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டு மணலில் முடி எடுக்கும் பக்கம் நடந்தார். அந்தப் போஸ்டரால் ஒரு பிள்ளையாவது அலறாமல் இருக்குமா என்பதை அவர் பார்த்தாக வேண்டும்.

ஓர் ஆள் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தான். எதிரில் நாலு வயதுப் பெண் பிள்ளை அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. கத்தி ஓர் இழுப்பு இழுத்ததும் கேட்டான்:

"இப்ப யாரு?"

"அப்பா."

இன்னோர் இழுப்பு.

"இப்ப?"

"அப்பாதேன்."

முடி எடுப்பவருக்கு எரிச்சல். "தலைய ஆட்டாதப்பா. காது போயிரும்."

"இருண்ணே, போஸ்டர்ல போட்டிருக்கான்ல."

பேயாண்டி வெயிலில் நின்று கடைசிவரை பார்த்தார். தண்ணீர் ஊற்றினார்கள், சந்தனம் பூசினார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"இப்பச் சொல்லு, யாரு?"

பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தது. பேயாண்டி ஓர் அடி கிட்டே வந்தார்.

"மொட்ட!" என்று கத்திவிட்டு அவன் தோளில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சந்தனத்தை வழிக்கத் தொடங்கியது.