சோக்கை இழுத்தால் மட்டும் ஓடிய கார்

சூடான எஞ்சினில் சொட்டிய பெற்றோலின் மணம்... இன்றும் மூக்கில் பட்டால் எனக்கு அந்த ஆடி மாதம்தான் ஞாபகம் வரும்.

அப்பா இறந்து முதல் வருடம். ஆடி அமாவாசைக்கு அவருடைய பழைய காரிலேயே கீரிமலைக் கடலில் தீர்த்தமாடப் போக வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். காரோ ஓட்டத்தில் நன்றாக ஓடும். சந்தியில் நிறுத்தினால் உடம்பெல்லாம் உதறி நின்றுவிடும். சோக் குமிழை வெளியே இழுத்துப் பிடித்தால் மட்டும் சமர்த்தாக இருக்கும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளக்கை மாற்றினேன். கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். அதே உதறல்...

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்க, சாவகச்சேரியிலிருந்து மெக்கானிக் சிவா அண்ணையைக் கூட்டி வந்தேன்.

"கலவை மெலிஞ்சு போச்சு தம்பி. காத்துக் கூடிப்போச்சு, பெற்றோல் காணாது. சோக் இழுத்தால் காத்துக் குறையுது, அதுதான் ஓடுது."

சரியென்று பெற்றோலைக் கூட்டினோம். உதறல் நிற்கவில்லை.

"உது எங்கையோ களவாக் காத்து இழுக்குது," என்று அண்ணை தலையைச் சொறிந்தார். அவருக்கே தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போவது?

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தார்.

"இந்த ஓட்டையைப் பாத்தனீங்களோ?"

கார்பரேற்றரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் மேலே, பின்பக்கமாக, பென்சில் முனையளவு துளை. அடைத்திருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

"சண்டைக் காலத்திலை பெற்றோல் வராது, மண்ணெண்ணெயிலை ஓடின கார். ஸ்டார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல் வேணும். உன்ரை அப்பா முன்னாலை நிண்டு ஹாண்டில் சுத்துவார், நான் இதாலை ஊத்துவன்."

அண்ணை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண, சேலைத் தலைப்பைச் சுற்றிய விரலால் அம்மா துளையைப் பொத்தினார். உதறல் அப்படியே அடங்கியது! நானும் அண்ணையும் பேந்தப் பேந்த முழித்தோம்.

"பெற்றோல் வந்தாப் பிறகாவது அப்பா இதை ஒழுங்கா அடைச்சிருக்கலாமே அம்மா?"

"திரும்பவும் இல்லாமல் போனாலும் போகும் எண்டு வைச்சிருந்தவர். பெற்றோல் வந்திட்டுதெண்டு மனுசன் கடைசி வரைக்கும் நம்பேல்லை."

அண்ணை அதில் ஒரு ஸ்குரூவைத் திருகி இறுக்கினார். அமாவாசையன்று கீரிமலை வரை கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

இப்போது புதுக் கார். கோளாறென்றால் கம்ப்யூட்டரைச் செருகினால் போதும், எதுவென்று சொல்லிவிடும். நிம்மதிதான்... ஆனால் சிரிக்காதீர்கள், பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்கினாலே பொறுக்க மாட்டேன். வேலையைப் போட்டுவிட்டு நிரப்பப் போய்விடுவேன்.

"பெற்றோல் ஷெட் எங்கையும் ஓடிப்போகாது, அப்பா!" என்று மகள் சிரிக்கிறாள்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன்.