பாலையா பொறுக்கிய ஓடுகள்

குனிந்தால் நிமிர மாட்டார் பாலையா. விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கடலைக் கொல்லையில் பானை ஓடு பொறுக்குவார். கறுப்பு, சிவப்பு, நகத்தளவு துண்டு, எதையும் விடுவதில்லை. "இன்னாயா, கோழியாட்டம் கிண்டிக்கினு கீற?" என்று மனைவி ரோஹிணி கேட்டால், "காலுல குத்துதுமே" என்பார். பச்சைப் பொய். செருப்பைக் கழற்றாத மனிதர்.

நகரியில் பவர்லூம் ஓட்டி வாங்கிய நிலம். வீடு கட்ட ஓரத்தைக் கிளறினால் ஓடாக வந்தது. டீக்கடையில் எவனோ, "பழைய ஓடு கெடச்சா கவர்மெண்ட்டு போர்டு நட்டுடும், செங்கல் வைக்க உடமாட்டான்" என்று கொளுத்திப் போட்டான். அன்றோடு தூக்கம் போச்சு. பொறுக்கியதையெல்லாம் வரப்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து நிலத்துக்காரி செங்கம்மாவின் தரிசு மூலையில் கொட்டிவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்புவார். மழை பெய்தால் புது ஓடு மேலே வரும். மனிதருக்கு அழுகையே வந்துவிடும்.

போன வாரம் திருப்பதியிலிருந்து கோதா என்ற தொல்லியல் ஆய்வாளர் மாணவர்களோடு வந்தார். பழங்கால விவசாயம் எப்படி நடந்தது என்று நிலம் நிலமாகத் தேடி, ஓடு கண்ட இடத்தில் கொடி நட்டார்கள். பாலையா நிலத்தில் ஒரு கொடிகூட இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"ஆச்சரியமா இருக்கே!" என்றார் கோதா. "அந்தக் காலத்துல வீட்டுக் குப்பையை எருவோட சேர்த்து நிலத்துல இறைச்சிருக்காங்க. அதுல வந்த ஓடு சுத்துப்பட்டு எல்லா நிலத்துலயும் கிடக்கு. உங்களுதுல மட்டும் இல்லையே?"

"அப்ப... ஓடு கீதுன்னா நெலத்த எடுத்துக்க மாட்டீங்களா மேடம்?"

"சிதறின குப்பைக்கா? இதோ, இப்படிக் குவிஞ்சிருந்தாத்தான் ஊர் இருந்த இடம்." கை காட்டியது செங்கம்மாவின் மூலையை. அங்கே அடர்த்தியாகக் கொடிகள், நடுவில் செங்கம்மா. "தோண்டிப் பாக்கணும். அதுவரைக்கும் எதுவும் கட்டாதீங்கம்மா."

"என் பொண்ணு புருசன உட்டுட்டு வந்து கீது, அதுக்கு ரூம்பு போடலாம்னு..." என்றார் செங்கம்மா.

பாலையா தன் கொல்லையையும் அந்த மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். எருவா, ஊரா? அங்கே இருந்தால் கெடுதல், இங்கே இருந்தால் நல்லதா? ஒரு எழவும் புரியவில்லை. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் எங்கே படுக்கும்?

கூடையை எடுத்தார். பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க வரப்பைத் தாண்டி, கொடிகளுக்கு நடுவே குந்தி ஓடுகளை அள்ளினார். "ஐயோ, தொடாதீங்க!" என்று கோதா கத்தினார். பாலையா நிற்கவில்லை. தன் கொல்லைக்குச் சுமந்து வந்து, எரு இறைக்கிற மாதிரி, கை கையாக வீசி இறைத்தார்.