மழைக்கு மைனஸ்

கலைமதிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவளுடைய அப்பா கலியமூர்த்தி, "கம்ப்யூட்டர்ல இருக்குது" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தேவைப்படாது. அவர் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் கலைமதி. பி.எஸ்ஸி. கணிதம். முடித்த வேகத்திலேயே ஊருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஷஃபியின் ப்ரௌசிங் சென்டரில் டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே பயோடேட்டாதான் பெரிய வியாபாரம். 'சவாலான பணியில் என் திறமையை வெளிப்படுத்துவதே என் குறிக்கோள்' என்ற வரியை ஆங்கிலத்தில் ஒருமுறை அடித்து வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அதையே ஒட்டிக் கொடுத்தாள். ஐ.டி.ஐ. படித்தவனுக்கும் அதே குறிக்கோள், நர்சிங் முடித்தவளுக்கும் அதே குறிக்கோள். ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் தன் பெயரில் ஒன்று அடித்துப் பார்த்தாள். அந்த வரி வரவேண்டிய இடத்தில் கர்சர் நின்று கண்ணடித்துக்கொண்டே இருந்தது. சவால் சரி, திறமை எது? அதற்குள் யாரோ ஜெராக்ஸ் கேட்டு வந்தார்கள். மூடிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து லீவில் வந்த ஷஃபியின் அண்ணன் ஒரு கேம் பெட்டியைக் கடையில் போட்டுவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். இதேபோல இன்னொரு பெட்டி இருந்தால் இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, எதிரெதிரே உட்கார்ந்து மோதலாம். காட்டிலும் கடலிலும் ஜந்துக்களைப் பிடித்து வளர்த்து, ஆளுக்கு மூன்றாக இறக்கிச் சண்டை போடவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு வேலை. அடிக்கலாம், அல்லது அடியை விட்டுவிட்டு வெயிலையோ மழையையோ கூப்பிடலாம். கூப்பிட்டது சில சுற்றுகள்தான் நிற்கும். வேகமான ஜந்து முந்திக்கொள்ளும். அவ்வளவுதான் விதி.

ஜந்துக்களுக்குக் கம்பெனி வைத்த பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. பையன்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பேத்தை மீன்போல உப்பி வீங்குவது பேத்தை. உடம்பெல்லாம் முள்ளாக இருப்பது கருவேலம். எந்நேரமும் வாயைத் திறந்தே வைத்திருந்த தவளைக்கு வாத்தியார்.

இன்னொரு பெட்டி, பாண்டிப் பக்கம் இரும்பை என்ற ஊர்க்காரன் புருஷோத்தமனிடம் இருந்தது. அவன் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தான். தங்கிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கி, கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "யாருப்பா இன்னைக்குத் தோக்கறது?" என்று கேட்பான். உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை செய்த சதீஷ்தான் மரக்காணத்துக்காக உட்காருவான். கலைமதி அவன் பின்னால் நின்றுகொண்டு, எதை இறக்கலாம், எந்த அடி எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். பெட்டி ஒருநாளும் அவள் கைக்கு வந்ததில்லை. சதீஷ் ஜெயித்தால் அது சதீஷின் விரல். தோற்றால் கலைமதியின் கணக்கு.

2006 கோடையில் அவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். புருஷோத்தமன் வாத்தியாரை இறக்குவான். வாத்தியார் மழையைக் கூப்பிடும். அப்புறம் அவனுடைய விலாங்கு வந்து, மழையில் பலம் ஏறி, எல்லாரையும் சுருட்டிவிடும்.

"உன் கணக்குத்தான் தப்பு, கலை" என்றான் சதீஷ், நாலு பேர் முன்னால். "நான் என்ன, நீ சொன்னதை அமுக்குறவன்."

"அப்போ நானே அமுக்குறேன்."

கடையில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஷஃபி மட்டும் சிரிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சரிம்மா. வர்ற ஞாயிறு நீ உக்காரு. ஆனா ஒண்ணு. தோத்துட்டன்னா அப்புறம் நாற்காலி கேக்கக் கூடாது. பின்னாடி நின்னு கணக்கு மட்டுந்தான். ஓகேவா?"

"ஓகே பாய்."

அன்றைக்கே ஜந்துக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

இரண்டு ஜந்துக்கள் முடிவாகிவிட்டன. மூன்றாவது ஒரு நண்டு. அதில்தான் பிரச்சினை. ஒரே மாதிரி இரண்டு நண்டுகள் இருந்தன. அந்தச் சின்னத் திரையில் காலைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பழுப்புக்காலுக்குக் கல்நண்டு என்றும், மற்றதுக்கு நீலக்கால் என்றும் பெயர். கலைமதி மார்க்கரை எடுத்து, கல்லா மேஜைக் கண்ணாடியிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். உயிர் இரண்டுக்கும் சமம். அடியும் சமம். ஓடு கல்நண்டுக்குக் கொஞ்சம் கெட்டி, வேகம் நீலக்காலுக்குக் கொஞ்சம் கூட. கடைசி வரி: வெயிலடித்தால் கல்நண்டின் ஓடு இறுகும். அதற்கு ஒரு பிளஸ். மழை பெய்தால் நீலக்கால் இன்னும் வேகமாக ஓடும். அதற்கு ஒரு மைனஸ்.

சதீஷ் பார்த்தான். ஷஃபி பார்த்தார். ஆன்லைனில் ரிசல்ட் பார்க்க வந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. கல்நண்டுதான் என்று முடிவாயிற்று. வழக்கமாக இறக்குவதும் அதைத்தான்.

வியாழக்கிழமை புருஷோத்தமன் பாண்டியிலிருந்து திண்டிவனம் போகிறவன், சும்மா வம்பிழுக்க மரக்காணம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினான். மேஜைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தான்.

"மேடம், இதான் உங்க ராணுவ ரகசியமா?"

"பாத்துக்கோங்க. பாத்தாலும் உங்களுக்கு வெளங்காது."

"வெளங்கலதான். மழை வந்தா இது வேகமா ஓடுதுன்னு நீங்களே எழுதி, பக்கத்துல மைனஸ் போட்ருக்கீங்க. உங்க காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்களா?" சிரித்துக்கொண்டே, ஷஃபி வரவழைத்த டீயைக் குடித்து முடித்தான். "எங்க ஊர்ல மழைன்னா ஏரி ரொம்பும், கேழ்வரகு வெதைப்பாங்க. உங்க ஊர்ல மழைன்னாலே அழுவீங்க போல." கண்ணாடி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வண்டியை உதைத்தான்.

கலைமதி அந்த மைனஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கைதான் போட்டிருந்தது. யோசித்துப் போட்டதா? இல்லை. மழை என்று எழுதியதும் மைனஸ் தானாக வந்திருக்கிறது. உப்பு விளைகிற மாதங்களில் ஒரு தூறல் விழுந்தால் வீட்டில் அன்றைக்குப் பேச்சே இருக்காது. பாத்தியில் பூத்த உப்பு கரைந்துபோகும். மறுபடி மிதித்து, மறுபடி தண்ணீர் கட்டி, மறுபடி காத்திருக்க வேண்டும். அந்தக் கடையில் இருந்த எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஷஃபியின் வாப்பாவே உப்பு லாரி விட்டவர். ஒரு ஊரே சேர்ந்து பார்த்த கணக்கில் ஒரு ஊரே சேர்ந்து கோட்டை விட்டிருக்கிறது. மூன்று வருஷம் கணிதம் படித்து என்ன, கையில் இருப்பது அப்பாவின் பயம்தானா என்று நினைத்தாள். அதற்காக வருத்தப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தாள்.

சிரித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டாள். விலாங்கிடம் இரண்டு அடி வாங்கினால் எந்த நண்டும் காலி. எந்த நண்டும் இரண்டு அடி கொடுத்தால் விலாங்கு காலி. ஆக, யார் முதலில் அடிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். கல்நண்டு எப்போதும் பிந்தித்தான் அடிக்கும். வெயிலில் ஓடு இறுகி இன்னொரு அடி தாங்கும், உண்மைதான். ஆனால் வெயிலைக் கூப்பிடுகிற சுற்றில் சும்மா நின்று ஓர் அடி வாங்க வேண்டும். கூடுதலாகக் கிடைத்த அடி அதிலேயே போய்விடும். இத்தனை வாரம் தோற்றது இந்த வெயிலால்தான். நீலக்கால் விலாங்கை முந்த மழை வேண்டும். அதைக் கூப்பிட ஒரு சுற்றை வீணாக்கத் தேவையில்லை. புருஷோத்தமனே கூப்பிட்டுத் தருவான்!

மைனஸின் குறுக்கே ஒரு கோடு இழுத்து பிளஸ் ஆக்கினாள். அப்புறம், எதற்கு வம்பு என்று, எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் புழுக்கம் தாங்கவில்லை. கடையில் மின்விசிறி இருந்தும் எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. வயரைச் செருகினார்கள். சதீஷ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். நிற்பது எப்படி என்று அவனுக்குப் பழகவில்லை. கையை எங்கே வைப்பதென்றே தெரியாமல் கட்டிக்கொண்டான்.

முதலில் ஒன்றுக்கு ஒன்று என்று போயிற்று. கலைமதியின் பேத்தையும் கருவேலமும் விழுந்தன. விழுவதற்கு முன்னால் புருஷோத்தமனின் முதல் ஜந்துவையும், அடுத்து வந்த வாத்தியாரையும் சாய்த்திருந்தன. ஆனால் வாத்தியார் சாயும் முன் தன் வேலையை முடித்துவிட்டது. திரையெங்கும் மழைக்கோடுகள். விலாங்கு இறங்கி, ஏற்கெனவே அடிபட்டிருந்த கருவேலத்தை முடித்தது. கலைமதி நண்டை இறக்கினாள்.

"வெயிலைப் போடு!" என்றான் சதீஷ்.

"வெயிலு, வெயிலு!" என்று கடையே கத்தியது.

அவள் கட்டைவிரல் தானாக வெயில் பொத்தான் பக்கம் போயிற்று. அதைப் பிடித்து இழுத்து நிறுத்துவதுபோல் நிறுத்தினாள். 'அடி' என்பதை அமுக்கினாள்.

நண்டு முந்திக்கொண்டு பாய்ந்தது. விலாங்கின் உயிர்க்கோடு சரிபாதிக்கு இறங்கியது.

"ஏய், கால் நீலமா இருக்குதுடா!" என்று யாரோ அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

புருஷோத்தமன் நிமிர்ந்து பார்த்தான். "மேடம், வெயில் போடலையா?"

"உங்க மழையே நல்லாருக்குதுங்க."

விலாங்கு திருப்பி அடித்தது. நண்டின் உயிர் ஒரு நூல் அளவுக்கு வந்து நின்றது. கணக்குப்படிதான். அடுத்த அடி அவளுடையது, அதோடு ஆட்டம் முடிந்துவிடும். அப்போது திரையில் மழைக்கோடுகள் மெலிந்தன. மழை விடப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. மழை வந்த பிறகு கருவேலம் நின்று சண்டை போட்ட சுற்றுகளை அவள் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள். இந்தச் சுற்றுக்குள் மழை விட்டால் நீலக்காலும் கல்நண்டும் ஒன்றுதான். விலாங்கு முந்தும். நாற்காலி போய்விடும்.

"நிக்காத" என்றாள் வாய்விட்டு. "இன்னும் கொஞ்சம் பேய். நிக்காத, நிக்காத."

"யாரும்மா மழை பேயச் சொல்றது?"

வாசலில் கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். முட்டி வரை சேறு காய்ந்த கால்கள், கையில் சைக்கிள். அவருக்குப் பின்னால் வானம் கரிச்சட்டியாக இருந்தது. "மேக்கால கட்டிக்கினு வருது. உப்பு அம்பாரம் எல்லாம் தெறந்து கெடக்குது. கீத்து போட ஆள் இல்லாம நான் தெரு தெருவா ஓடறேன். நீ இங்க குந்திக்கினு மழையக் கூப்பிடறியா?"

"ப்பா, இது இந்த மழைப்பா." பெட்டியைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். "இன்னா இது, நண்டா?"

"ஆமாப்பா. ஒரே ஒரு அடி. அடிச்சிட்டு வந்துடறேன்."

"சதீஷ் கைல குடுத்துட்டு வாயேன்."

சதீஷ் கையை நீட்டவும் செய்தான். கலைமதி பெட்டியை மார்போடு வைத்துக்கொண்டாள். "இல்லப்பா. இது நான்தான்."

கலியமூர்த்தி மகள் முகத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "அப்போ அடிச்சித் தொலை, சீக்கிரம்!" என்றார் எரிச்சலாக. "நின்னுடப் போவுது."

அமுக்கினாள். மெலிந்த மழையில் நீலக்கால்கள் ஒரு கணம் ஆடின. அப்புறம் நண்டு பாய்ந்தது. முதலில் அதுதான் பாய்ந்தது. விலாங்கு சுருண்டு திரையை விட்டு வழுக்கிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் மழை விட்டது.

கடை இரண்டுபட்டது. சதீஷ் தன்னை மறந்து புருஷோத்தமனையே கட்டிப்பிடித்துவிட்டான். ஷஃபி எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். "கொண்டாட்டம் அப்புறம். எல்லாரும் அளத்துக்கு நடங்கப்பா. கலியமூர்த்தி அண்ணே, நீங்க முன்னாடி போங்க, நான் ஆளுங்களை ஏத்திக்கினு வர்றேன்."

தோற்ற புருஷோத்தமனும் டி.வி.எஸ். ஐம்பதில் சதீஷை ஏற்றிக்கொண்டு வந்தான். காற்று கீற்றைப் பிடுங்கப் பார்க்க, வெள்ளை அம்பாரங்களின் மேல் ஏறி ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூடினார்கள். உப்பில் கால் வைத்துப் பழக்கமில்லாத புருஷோத்தமன், காலில் எங்கோ இருந்த கீறலில் உப்பு ஏறி, ஒற்றைக்காலில் குதித்தான். "இதுக்குத் தோத்ததே பரவாயில்லைங்க!" என்று கத்தினான். கலைமதி கீற்றின் மேல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். நாலு பெரிய துளி விழுந்தது. அவ்வளவுதான். மேகம் நடையைக் கட்டியது. உப்பு தப்பித்தது.

ராத்திரி கடைக்கு போன் வந்தது. "மேடம், உங்க மழை இரும்பைக்கு வந்துடுச்சு. செமையா ஊத்துது. ரொம்ப தேங்க்ஸ்" என்றான் புருஷோத்தமன்.

அடுத்த ஞாயிறு சதீஷ் தானாகவே நாற்காலியின் பின்னால் போய் நின்று, "எதை இறக்கப்போற?" என்று கேட்டான். அவள் பெட்டியை எடுத்து வயரைச் செருகினாள். பயோடேட்டாவில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருந்தது. கண்ணடிக்கிற கர்சரைப் பார்த்தால் முன்போல மூடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அளத்தில் யாரோ கலியமூர்த்தியிடம் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவர் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே யோசித்தார்.

"கம்ப்யூட்டர்ல நண்டு வளக்குது" என்றார். "அதுக்கு மழைதான் ஆவுமாம். இன்னா பண்றது, நம்ம வூட்ல வந்து பொறந்துச்சு."